செம்பு இறுகும் சத்தம்

மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை வளைத்துவிட்டு, மறுபடி நேராக்கிப் பாருங்கள். வளைத்த இடம் பிடிவாதமாக அப்படியே நிற்கும். அதன் இரண்டு பக்கமும்தான் புதிதாக வளையும். ஒரே வளைவில் அந்த இடம் மட்டும் இறுகிவிட்டது.

உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோயிருக்கும். இந்தப் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. கனமான கம்பளத்தை மொத்தமாக இழுக்க முடியாதபோது ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பித் தள்ளிக்கொண்டே போவோமே, அதுபோல. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி என்ற மூன்று விஞ்ஞானிகளும் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர வழியில்லாமல் முட்டிக்கொள்கின்றன. அதுதான் இறுக்கம்.

இது எனக்குப் புரியுமுன் ஒரு கிண்ணம் போனது. செம்புத் தகட்டைத் தட்டிக் குழிவாக்கிக்கொண்டிருந்தேன். முதலில் 'தொப் தொப்' என்று கேட்ட சத்தம் மெல்ல 'ணங்' என்று மாறியது. சுத்தியலும் கையைத் திருப்பித் தள்ளியது. உருவம் வந்துகொண்டிருக்கிறதே என்ற ஆசையில் நிறுத்தவில்லை. விளிம்பில் விரிசல் விழுந்துவிட்டது.

அந்தச் சத்தம் கேட்டதுமே காய்ச்சியிருக்க வேண்டும். சூடு ஏறினால் அணுக்களுக்கு இடம்மாறும் தெம்பு வருகிறது. சிக்கலில்லாத புதுப் படிகங்கள், அதாவது அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய சிறு துணுக்குகள், முளைத்து, பழையவற்றை விழுங்கி வளர்கின்றன. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும், அதுவே போதும். பிறகு தண்ணீரில் போட்டாலும் மென்மை போகாது. கத்தி செய்யும் எஃகில் கதையே தலைகீழ்: சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கண்ணாடிபோல் நொறுங்கும் அளவுக்குக் கடினமாகும். ஈயத்துக்கோ இந்தத் தொல்லையே இல்லை, அறை வெப்பத்திலேயே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

அடுத்த தகட்டில் பயந்துபோய் அதிக நேரம் காய்ச்சினேன். படிகங்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, தட்டியபோது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பானது.

அலுமினியம் இன்னும் மோசம். 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் சிவந்து எச்சரிக்காது. சிவக்கும் என்று நான் காத்திருந்த துண்டு கண்ணெதிரே தொய்ந்து விழுந்தது. தகட்டின் மேல் சோப்பைத் தேய்த்துவிட்டுக் காய்ச்சுவது பழைய வழி. சோப்பு கறுத்ததும் தீயை விலக்கிவிட வேண்டும்.