பெண் பெட்டா மீனுக்கு ஆண் துணை கட்டாயமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம், தோட்டத்து வீடுகளில் பெட்டா எனும் சண்டை மீன் வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், பெண் மீனுக்கு வயிறு உப்பிக்கொண்டே போகிறது, ஆணோடு சேர்க்காவிட்டால் முட்டை தங்கிச் செத்துவிடுமாமே?" சேர்க்க வேண்டியதில்லை. நன்றாகத் தீனி கிடைக்கும் பெண் மீன் ஆண் இல்லாமலேயே முட்டை உருவாக்கும். அவற்றை உடலே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும், அல்லது மீன் தானாக வெளியேற்றித் தானே தின்றுவிடும். முட்டை உண்மையாகவே தங்கி நோயாவதும் உண்டு என்றாலும் அது அரிது. வயிற்றடியில் தெரியும் சிறு வெள்ளைப் புள்ளி முட்டையிடும் குழாயின் நுனியே தவிரக் கட்டியோ புழுவோ அன்று. அதற்கு மருந்து ஊற்றாதீர்கள்.

மாறாக, சேர்த்து வைப்பதில்தான் ஆபத்து அதிகம். ஆண் மீன் துரத்திக் கடித்துத் துடுப்பைக் கிழிக்கும். முட்டையிட்டு முடிந்ததும் கூட்டைக் காக்கும் வேகத்தில் பெண்ணைக் கொன்றுவிடவும் கூடும். ஓர் ஈற்றில் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் பிறக்கலாம், அவற்றுள் ஆண்கள் வளர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கலம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய சிறு லைன் வீட்டில் அதற்கு இடமேது?

உப்பிய வயிற்றோடு என்னிடம் வரும் மீன்களில் பல, அளவுக்கு மீறித் தின்றவை. பெட்டாவின் இரைப்பை மிகச் சிறியது. சிறு உருண்டைத் தீனி இரண்டு அல்லது மூன்று, காலையும் மாலையும் போதும், வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். இது புலால் உண்ணும் மீன் என்பதால் ரொட்டித் துண்டும் சோற்றுப் பருக்கையும் ஆகாது; மலச்சிக்கலுக்குப் பச்சைப் பட்டாணி கொடுக்கச் சொல்லும் பரவலான அறிவுரையிலும் எனக்கு உடன்பாடில்லை, டாஃப்னியா எனும் நுண்ணிய நீர்த்தெள்ளு கொடுப்பதே மேல். முட்டை நிறைந்த மீன் சுறுசுறுப்பாக நீந்தும், தீனி எடுக்கும், செதில்கள் படிந்திருக்கும். மேலிருந்து பார்க்கையில் செதில்கள் சிலிர்த்து நின்றால் அது நீர்க்கோவை, அதாவது உடலுக்குள் நீர் சேர்ந்து வீங்கும் நிலை. சிறுநீரகம் பழுதான அறிகுறி, பிழைப்பது கடினம்.

ஜாடியில் வளர்ப்பதை நான் ஏற்பதில்லை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு பெட்டாவுக்கு இருப்பதால் கொஞ்சம் நீரிலும் உயிரோடு இருக்கும். ஆனால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதன் செவுள்களை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு மீனுக்குக் குறைந்தது 15 லிட்டர், மென்மையான வடிகட்டி, வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றம், குழாய் நீருக்குக் குளோரின் நீக்கி ஆகியவை வேண்டும். 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது என்பதால் நம் ஊரில் சூடேற்றி தேவைப்படாது, குளிரான கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உள்ளவர்களுக்குத் தேவைப்படும். இங்கே பயப்பட வேண்டியது தகரக் கூரையின் நண்பகல் வெக்கைக்குத்தான். பெண் மீன்கள் ஒன்றாக இருந்தால் சண்டையிடாது என்பதும் தவறு. தனித்தனியே வளர்ப்பதே பாதுகாப்பு.

டிங்கி பரவும் காலத்தில் வீட்டைச் சுற்றிப் புகை மருந்து அடிக்க வருவார்கள். அதில் பயன்படும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு, அதிலும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கும் பெட்டாவுக்கு இரட்டை ஆபத்து. முன்கூட்டியே காற்றூட்டியை நிறுத்தி, தொட்டியை நெகிழித் தாளால் இறுக மூடி, புகை முற்றிலும் கலைந்த பின்னரே திறக்க வேண்டும். மீன் தீனிக்கென வாளியில் கொசுப்புழு வளர்ப்போருக்கும் ஒரு சொல்: நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இன் கீழ் அது குற்றம்.

மீன் சோர்ந்தால் கடையில் கிடைக்கும் நீல மருந்தையும் மஞ்சள் மருந்தையும் கலந்து ஊற்றாமல், முதலில் நீரை மாற்றுங்கள். மருத்துவரிடம் கொண்டுவருவதாக இருந்தால் தொட்டி நீரைத் தனிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து வாருங்கள். மீனைப் பார்க்கும் முன் நான் அதைத்தான் சோதிப்பேன்.