பனிச்சரிவில் பாறை எங்கே?

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் பனியில் புதைந்து இறந்தார்கள். அன்றும் என் காதில் விழுந்தது ‘பனிப்பாறை சரிவு’தான். இந்தச் சொற்றொடரை இனியாவது கைவிட வேண்டும்.

மலையில் பனி திரண்டு சரிவதை ஆங்கிலத்தில் ‘அவலாஞ்ச்’ என்பார்கள். அது ஆல்ப்ஸ் மலைமக்கள் பேச்சிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நம் நீலகிரியின் அவலாஞ்சிக்கும் இதுதான் மூலம்; 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த பெரிய மண்சரிவால் வந்த பெயர். தமிழில் இதற்குப் பனிச்சரிவு போதும்.

பிறகு பாறை எதற்கு? நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் ஈரம். அது எப்படி ஆளைக் கொல்லும் என்ற தயக்கத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் பாறையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பனிப்பாறை கடலில் மிதப்பது, கப்பல் மோதுவது. மலையில் மெல்ல நகரும் பனித்திரளான பனியாற்றையும் அதே பெயரால் எழுதிக் குழப்புகிறோம். மண் சரிந்தால் மண்சரிவு என்கிறோம், ‘மண்பாறைச் சரிவு’ என்று யாராவது சொல்வோமா?

சொல் பிழைத்தால் ஆபத்தும் தவறாகப் புரியும். பாறை என்று கேட்டவர் தலைக்கு மேலே தொங்குவது எது என்று அண்ணாந்து பார்ப்பார். ஆபத்தோ பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில், அவர் காலடியிலேயே கிடக்கிறது. வசந்த காலத்தில் இரவில் இறுகிய மேற்பரப்பு வெயில் ஏற ஏற இளகும். உருகிய நீர் உள்ளே இறங்கி அடுக்குகளின் பிடியைத் தளர்த்தும். சாய்வில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கும், பூட்ஸ் கணுக்கால் வரை புதையும். மலையேறிகள் விடியுமுன் கிளம்பி உச்சிவெயிலுக்குள் இறங்கிவிடுவது இதற்காகத்தான். இந்த ஈரப் பனி வேகமாக வராது, ஆனால் கனத்து வரும், நின்றதும் கெட்டித்துப்போகும். இதில் எங்கே பாறை?

சரிவு என்பது சாய்ந்த நிலத்தையும் குறிக்குமே, குழம்பாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நிலத்தை மலைச்சாய்வு என்று எழுதினால் தீர்ந்தது.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பகுதியில் 16 பேரைக் கொன்றது மேலிருந்து உடைந்து விழுந்த பனிக்கட்டித் திரள். அதைப் பனிக்கட்டிச் சரிவு என்று தனியே சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே ‘பனிப்பாறை’யைப் போட்டால் எது நடந்தது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?