வாட்ச்சுக்குள் 17 மாணிக்கம்

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சின் டயலில் சின்ன எழுத்தில் ‘17 ஜூவல்ஸ்’ என்று போட்டிருக்கும். அதை ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் பாட்டி வாசல் வரை வந்து சொல்வார்: “பக்கத்துலயே நின்னு வாங்கிட்டு வாடா, கல்லை எடுத்துடப் போறாங்க.”

இந்தப் பயம் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. உள்ளே பதினேழு மாணிக்கம் இருக்கிறது, கழற்றி விற்றுவிட்டு வெறும் வாட்ச்சைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று பலரும் நம்பினார்கள். அதில் பாதி உண்மை. உள்ளே இருப்பது மாணிக்கமேதான். ஆனால் குண்டூசித் தலை அளவுள்ள, தொழிற்சாலையில் செய்த, பெரும்பாலும் நடுவில் துளை போட்ட கல். நகைக்கடையில் அதற்கு விலை கிடையாது. கழற்றினால் வாட்ச்சும் ஓடாது.

‘ஜூவல்’ என்ற ஆங்கிலச் சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். கழுத்தில் போடும் நகையும் ஜூவல், அதில் பதித்த கல்லும் ஜூவல், கொண்டாடத்தக்க மனிதரும் ஜூவல். வாட்ச் தொழிலில் அதற்கு அர்த்தமே வேறு: பெரும்பாலும் சக்கரத்தின் அச்சு முனையைத் தாங்கும் பேரிங். (விளையாட்டு, வேடிக்கை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ‘ஜூவல்’ வந்ததாகச் சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தமிழில் நகை என்றால் சிரிப்பும்தான், ஆபரணமும்தான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குத் தீராத வியப்பு.)

பேரிங்காக ஏன் மாணிக்கம்? சாவி கொடுக்கும் வாட்ச்சில் மெயின் ஸ்பிரிங் மெல்ல அவிழ்ந்து பல்சக்கரங்களைத் தள்ளுகிறது. கடைசியில் இருக்கும் பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியுமாக ஆடி நேரத்தை அளக்கிறது. பழைய வாட்ச்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. ஒரு நாளில் 4,32,000. ஒரு வருடத்தில் 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். இத்தனை ஆட்டத்தையும் தாங்குவது தலைமுடிப் பருமனே உள்ள, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் எஃகு முனை. ஸ்பிரிங்கிலிருந்து அதுவரை வந்து சேரும் விசையோ மிகச் சொற்பம். உராய்வு கொஞ்சம் கூடினாலும் ஆட்டம் குறுகும், நேரம் தவறும்.

அந்த முனையைப் பித்தளைத் தகட்டில் போட்ட துளையிலேயே சுழலவிடலாம். மலிவான வாட்ச்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பித்தளை மென்மையானது. காற்றில் வரும் தூசியில் மணல் துகள் இருக்கும். அது பித்தளையில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தத் துளை ஒரு உப்புத்தாள்தான்: சுழலச் சுழல எஃகு முனையை அராவும். துளையும் நாளடைவில் முட்டை வடிவமாகி, அச்சு சாய்ந்துபோகும்.

மாணிக்கத்தில் மணல் பதியாது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் மணலின் குவார்ட்ஸ் 7, மாணிக்கம் 9, வைரம் 10. கண்ணாடிபோல் மெருகேற்றிய மாணிக்கத்தில் எஃகு வழுக்கிக்கொண்டு சுழலும். கல் துருப்பிடிக்காது, எண்ணெயையும் கெடுக்காது.

எண்ணெய் நிற்கும் விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான். துளைக் கல்லின் ஒரு பக்கத்தில் சின்னக் கிண்ணம்போலக் குழித்திருப்பார்கள். அதில் வைக்கும் ஒரு பொட்டு எண்ணெய் பரப்பு இழுவிசையால் வழியாமல் நிற்கும். பேலன்ஸ் வீலின் அச்சுக்குத் துளைக் கல்லின் மேல் இன்னொரு தட்டைக் கல்லை மூடிபோல வைப்பார்கள். துளைக் கல்லின் மேற்பக்கம் லேசாகப் புடைத்திருப்பதால் இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கு துளையை நெருங்க நெருங்கக் குறுகும். எண்ணெய்போல ஒட்டும் திரவம் குறுகிய இடுக்கைத் தேடிப் போகும். அதனால் எண்ணெய் தானாகவே அச்சு முனையில் வந்து நிற்கிறது. வாட்ச்சை எப்படித் திருப்பினாலும் அது அங்கேதான்.

இனி பதினேழைக் கூட்டிப் பார்க்கலாம். பேலன்ஸ் வீலின் இரு முனைக்கும் துளைக் கல் 2, மூடிக் கல் 2, உந்துதலை வாங்கும் ஊசிக் கல் 1. பேலன்ஸ் வீலைத் தட்டித் தள்ளி டிக் டிக் சத்தம் எழுப்பும் கவைபோன்ற துண்டுக்கு 4: அதன் அச்சுக்கு இரண்டு, சக்கரப் பல்லைப் பிடித்துப் பிடித்து விடும் பலகைபோன்ற கல் இரண்டு. மிச்சம் நான்கு சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8. ஆக 17. சாவி கொடுக்கும் எளிய வாட்ச்சுக்கு இது போதும். தானாகச் சாவி ஏறும் வாட்ச்சுக்கு இன்னும் சில தேவைப்படும். ஆனால் எண்ணிக்கை கூடினால் விற்கும் என்று கண்டுகொண்ட சில கம்பெனிகள், எதையும் தாங்காத கற்களை ஓரத்தில் சொருகி 100 ஜூவல் என்றுகூட விளம்பரம் செய்தன. வாங்குபவரை ஏமாற்றுகிற வேலை இது. வேலை செய்யாத கற்களைக் கணக்கில் காட்டக்கூடாது என்று 1974-இல் சர்வதேசத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 1112 தரநிலை வந்தது.

கல்லில் துளை போட்டு வாட்ச்சில் வைக்கும் வித்தைக்கு 1704-இல் லண்டனில் காப்புரிமை வாங்கியவர் நிக்கோலா ஃபாசியோ. சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர், நியூட்டனின் நண்பர். கூட இருந்தவர்கள் டெபௌஃப்ரே என்ற வாட்ச் தொழிலாளர்கள் இருவர். வைரப் பொடியால் கல்லைக் குடைந்தார்கள். ஆனால் அடுத்த இருநூறு வருடம் வரை இயற்கைக் கல்லையே நம்ப வேண்டியிருந்ததால் நல்ல வாட்ச் வசதியானவர்களுக்கே எட்டியது.

அதை மாற்றியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னோய். 1902-இல் அவர் அறிவித்த முறை எளிது: அலுமினியம் ஆக்சைடு பொடியோடு கொஞ்சம் குரோமியம் ஆக்சைடைக் கலந்து, 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தீச்சுடர் வழியே தூவ வேண்டும். உருகிய துளிகள் கீழே சுழலும் தண்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே படிகமாக வளரும். சில மணி நேரத்தில் மாணிக்கம். வேதியியல்படி இது போலி இல்லை, பூமியில் கிடைப்பதும் இதுவும் ஒரே பொருள்தான். குரோமியம் இல்லாவிட்டால் நிறமற்ற கல். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். எல்லாம் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்கிறார்களே, அந்தச் சொல் நம் குருந்தத்திலிருந்துதான் போனது.

வாட்ச்சோடு இந்தக் கல்லின் வேலை முடியவில்லை. விமானக் கருவிகளில் முள் தடங்கலில்லாமல் திரும்ப இதே பேரிங் வேண்டும். அதற்காகவே 1952-இல் அமெரிக்க அரசு வட டகோட்டா மாநிலத்தின் ரோலா என்ற சிற்றூரில் தனித் தொழிற்சாலை அமைத்தது. நம் வீட்டுச் சுவரில் தட்டு சுழன்றுகொண்டிருந்த பழைய கரண்ட் மீட்டர்களிலும் அந்தத் தட்டின் கீழ்முனை ஒரு நீலக்கல் குழியில் நின்றதுண்டு.

போன மாதம் அப்பாவின் வாட்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். பல வருடம் பீரோவில் கிடந்தது, சாவி கொடுத்தும் ஓடவில்லை. கடைக்காரர் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, “கல்லுக்கு ஒண்ணும் ஆகலை சார். எண்ணெய்தான் காஞ்சு பிசினாயிருக்கு. இப்படியே ஓட்டியிருந்தா முனை தேஞ்சிருக்கும்” என்றார். லென்ஸை என்னிடம் தந்தார். பேலன்ஸ் வீலுக்கு நடுவில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி தெரிந்தது. பாட்டி இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.