ஆயில் கூலருக்கு தமிழ்ல என்ன பேரு? குளிர வைக்க வேணாம், ஆத்தினா போதும்

எங்க சித்தப்பா மகன் டிராக் டேக்கு (ரேஸ் ரோட்டுல சொந்தக் காரை வேகமா ஓட்டிப் பாக்கற நாள்) போக ஆரம்பிச்சதுல இருந்து வீட்ல பாதி பேச்சு ஆயில் கூலர் பத்திதான், அதாவது எஞ்சின் ஆயிலோட சூட்டை காத்துல விட்டு குறைக்கற, ரேடியேட்டர் மாதிரி ஒரு சின்ன சாமான். மலேசியாவுல பந்திங்ல இருந்து செப்பாங் ரேஸ் சர்க்கிட் ஒண்ணும் தூரமில்ல, நடுவுல செம்பனைத் தோட்டமும் ஏர்போர்ட்டும்தான். அன்னைக்கு காலையில பசியாற உக்காந்தப்போ எங்க பெரியம்மா (தோட்டத்து தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க) "அதென்னடா எப்ப பாத்தாலும் கூலர் கூலர்னு, அதுக்கு தமிழ்ல பேரு இல்லையா"ன்னு கேட்டாங்க. அவன் போன்ல தேடிட்டு "எண்ணெய் குளிர்விப்பான், பெரியம்மா"ன்னான். "எண்ணெய குளிர வச்சு என்னடா பண்ணப் போற"ன்னு திருப்பி கேட்டாங்க பாருங்க, அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. எனக்கும் அது மனசுலயே நின்னுடுச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல எண்ணெய். எள் + நெய், அதான் எண்ணெய். ஆதியில எள்ளுல எடுத்தது மட்டும்தான் எண்ணெய், அப்புறம் எல்லாத்துக்கும் அதே பேரு பரவி தேங்கா எண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், எங்க ஊர்ல செம்பனை எண்ணெய் (பாமாயில்)னு ஆனதும் எள்ளெண்ணெய்க்கே தனியா நல்லெண்ணெய்னு ஒரு பேரு வேண்டியதாப் போச்சு. ஆயில்ங்கற சொல்லுக்கும் இதே கதைதான், லத்தீன்ல ஓலியம், அது கிரேக்கத்துல இருந்து வந்தது, அங்க அதுக்கு அர்த்தம் ஆலிவ் எண்ணெய். அவங்களுக்கு ஆலிவ், நமக்கு எள்ளு. எஞ்சின் ஆயிலுக்கு நம்ம ஆளுங்க வாயில வர்றது மின்யாக் ஹித்தாம்தான், மலாய்ல கருப்பு எண்ணெய்னு அர்த்தம், புதுசா ஊத்துறப்போ அது தேன் மாதிரி இருந்தாலும் பேரு அதுதான். எழுத்துத் தமிழ்ல மசகு எண்ணெய், உயவு எண்ணெய்னு ரெண்டு இருக்கு. எனக்கு மசகு பிடிக்கும், மாட்டுவண்டி அச்சுல தடவுற கருப்பு மைக்கு பேரே மசகுதான். அச்சு தேயாம உருளணும், எஞ்சின்லயும் வேலை அதேதான்.

இப்ப கூலர். இங்கிலீஷ்ல கூல்னா ஜில்லுன்னு இருக்கறதும் உண்டு, சூடு கொறையறதும் உண்டு, ஒரே சொல்லு ரெண்டையும் தாங்கும். மலாய்ல பென்யெஜுக் மின்யாக், செஜுக்னாலும் குளிர்ச்சிதான். ஆனா தமிழ்ல ரெண்டுக்கும் தனித்தனி சொல்லு இருக்கு. குளிர்ங்கறது வேற, ஆறுறது வேற. ஐஸ் வச்சா குளிரும், கொதிக்கிற பால ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஊத்தினா ஆறும். சூடா இருக்கறத குடிக்கிற பக்குவத்துக்கு கொண்டு வர்றதுதான் ஆத்துறது, தே தாரிக் (இங்க கடையில உயர இழுத்து ஊத்தி நுரைக்க வைக்கிற டீ) இழுக்கறவர் செய்யறதும் அதேதான். காயம் ஆறும், கோவம் ஆறும், இங்க மலேசியாவுல காலை சாப்பாட்டுக்கே பசியாறல்னுதான் சொல்றோம். எதுலயும் சில்லுன்னு ஆக்குறது கிடையாது, மிஞ்சிப் போனது அளவுக்கு இறங்குறது, அவ்வளவுதான்.

எஞ்சின் ஆயிலுக்கு வேண்டியதும் இதுதான், அதனாலதான் பெரியம்மா கேட்டது அவ்ளோ சரியான கேள்வின்னு சொல்றேன். ஆயில் குளிர்ந்து இருக்கவே கூடாது. ஆயில் டின்ல 5டபிள்யூ-40ன்னு போட்டிருக்கும்ல, அதுல கடைசி 40ங்கறது 100 டிகிரி சூட்டுல அளந்த தடிமன், அதாவது அந்த சூட்டுலதான் அது வேலை செய்யும்னு நெனச்சே செஞ்சிருக்காங்க. 60, 70 டிகிரியில கெட்டியா இருக்கும், சந்து பொந்துல சீக்கிரம் ஓடாது, எஞ்சின் உள்ள சேர்ற ஈரமும் போகாது, கிட்டத்தட்ட 100 டிகிரி தொட்டு கொஞ்ச நேரம் ஓடினாத்தான் அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய போகும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுற காருல ஆயில் மூடியத் தொறந்தா சில சமயம் வெள்ளையா கிரீம் மாதிரி ஒட்டியிருக்கும், அது இந்த ஈரம்தான்.

அந்தப் பக்கம் மிஞ்சினாலும் ஆபத்து. செப்பாங் ஒரு சுத்து 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, நீளமான ரெண்டு நேர்ரோடு, அங்க மிதிச்சு புடிச்சா வெளிய வெயிலே முப்பத்து மூணு முப்பத்து நாலு டிகிரி, பிஸ்டன் அடியில இருந்தும் பேரிங்ல இருந்தும் சூட்டை வாங்கிட்டு வர்றது ஆயில்தான், டர்போ இருந்தா அதோட சூடும் சேரும். ரேடியேட்டர் தண்ணியோட சூட்டைக் காட்டுற மீட்டர் நடுவுல அசையாம நிக்கும், டிரைவர் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்குவார், ஆயில் மட்டும் ஏறிக்கிட்டே போகும். தம்பிக்கு முதல் தடவை அஞ்சாவது சுத்துல ஆயில் சூடு 138 டிகிரி காட்டுச்சு. அந்த சூட்டுல ஆயில் தண்ணி மாதிரி இளகிடும், சுத்துற ஷாஃப்ட்டுக்கும் அத தாங்குற பேரிங்குக்கும் நடுவுல இருக்கற மெல்லிசான ஆயில் படலம் கிழிஞ்சா உலோகமும் உலோகமும் உரசும், அப்புறம் எஞ்சின இறக்கித்தான் பாக்கணும். நல்லவேளை அவன் உடனே காலை எடுத்துட்டு மெதுவா ஓட்டி உள்ள வந்துட்டான்.

அப்புறம்தான் கூலர் மாட்டினோம். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான் கூலர் இல்ல, ஆயில் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல உக்கார்ற சாண்ட்விச் பிளேட், அதுக்குள்ள ஒரு சின்ன தெர்மோஸ்டாட். ஆயில் 80 டிகிரி சுமாருக்கு வர்ற வரைக்கும் அது கூலருக்கு போற வழிய அடைச்சு வச்சிருக்கும், சூடு வந்த பிறகுதான் தொறந்து விடும். கையில புடிச்சு பாத்தா கட்டை விரல் அளவு கூட இருக்காது. பேரு கூலர், ஆனா குளிர விடாம பாத்துக்கறதுக்கே அதுல ஒரு காவல் இருக்கு! சில காருல காத்து இல்லாம ரேடியேட்டர் தண்ணிய வச்சே ஆயில ஆத்துவாங்க, அதுல காலையில ஸ்டார்ட் பண்ணினதும் தண்ணிதான் முதல்ல சூடாகும், அந்த நேரம் அந்த சாமான் ஆயில சூடு பண்ணும். சூடு பண்றத போய் குளிர்விப்பான்னு சொன்னா எப்படி?

மாட்டுறதுல ஒண்ணு மட்டும் சொல்லணும். பம்பருக்குப் பின்னால கூலர சும்மா தொங்க விட்டா காத்து அதுக்குள்ள போகாது, சுத்தி இருக்கற சந்துல லேசா நழுவி ஓடிடும். நாங்க முதல்ல அப்படித்தான் மாட்டி, பெருசா ஒண்ணும் எறங்கலையேன்னு முழிச்சோம், அப்புறம் அலுமினியத் தகடு வெட்டி நாலு பக்கமும் அடைச்சு, வந்த காத்து பின்னால வெளிய போறதுக்கும் வழி விட்டோம், ஆயில் மீட்டர் 118 டிகிரியில நின்னுச்சு. கடைசி சுத்த மெதுவா ஓட்டி, பிட்டுக்கு (காரை நிறுத்துற இடம்) வந்ததும் டக்குனு சாவிய திருப்பாம கொஞ்ச நேரம் ஓட விடுறதும் ஆத்துறதுலதான் சேரும், ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு பெரியவங்க சோத்துக்கு சொன்னது இங்கயும் பொருந்துது.

அதனால என் கணக்குல சரியான பேரு எண்ணெயாற்றி. எண்ணெய் + ஆற்றி, ரெண்டும் சேர்ந்து ஒரே சொல்லு, இடம் விட்டு எழுத வேணாம். குளிர்விப்பான்ங்கறத ஏசிக்கும் ஐஸ் பெட்டிக்கும் வச்சுக்கலாம், அங்க அது பொருத்தமா இருக்கும். மசகெண்ணெயாற்றின்னு முழுசா எழுதலாம்தான், ஆனா வொர்க்‌ஷாப்ல கையெல்லாம் கிரீஸா நிக்கிறவன் வாயில அவ்ளோ நீளம் வராது. பேச்சுல எண்ணெயாத்தின்னு வரும், வரட்டும். பெரியம்மாகிட்ட சொன்னேன், ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு தலையாட்டினாங்க. தம்பியோட சர்வீஸ் புக்குல போன வாரம் அவங்களே தன் கையெழுத்துல எழுதிக் கொடுத்தாங்க, "எண்ணெயாற்றி குழாய், கசிவு இல்லை"ன்னு.