உயிரியல் லேபில் எண்ணும் எழுத்தும்

பிளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுக்கும் பிள்ளைகளில் பலர் கணக்குக்குப் பயந்துதான் அதை எடுக்கிறார்கள். தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல் என்று இரண்டு வருடம் ஓடிவிடும். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டாயிற்று என்ற நிம்மதியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்கோ விலங்கியலுக்கோ வந்து உட்காருகிறார்கள். லேபில் நீர்த்தல் கணக்கு எதிரே வந்து நிற்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அதே நேரத்தில் பாடமும் ரெக்கார்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. கணக்கும் கைகொடுக்காமல் பேச்சும் வராமல் போனால், சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரிவதில்லை.

நான் மைக்ரோபயாலஜி சொல்லித்தருகிறேன். இந்த இரண்டு குறைகளையும் நாம் தனித்தனியாகத் தீர்க்கப் பார்க்கிறோம் என்பதுதான் என் வருத்தம். கணக்குக்கு உயிர்ப்புள்ளியியல் என்று ஒரு தாள். பேச்சுக்குத் தகவல்தொடர்புத் திறன் என்று இன்னொரு தாள். அதில் இன்டர்வியூவுக்கு எப்படிப் போவது, பயோடேட்டா எப்படி எழுதுவது என்பதோடு முடித்துவிடுகிறார்கள். லேப் மேஜைக்கு இரண்டுமே வந்து சேர்வதில்லை. ஆனால் தான் எண்ணியது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாத பிள்ளைக்கு அந்தக் கணக்கே பிடிபட்டிருக்காது.

தயிரில் உள்ள பாக்டீரியாவை எண்ணும் பிராக்டிகலை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லி தயிரை ஒன்பது மில்லி உப்புநீரில் கலந்தால் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து ஒரு மில்லி அடுத்த குழாய்க்கு. இப்படி ஐந்து குழாய் போனால் லட்சத்தில் ஒரு பங்கு. கடைசிக் குழாயிலிருந்து 0.1 மில்லி எடுத்து பாக்டீரியா வளர்வதற்கான அகார் பிளேட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைத்தால், புள்ளி புள்ளியாகக் காலனிகள், அதாவது பாக்டீரியாக் கூட்டங்கள், வளர்ந்திருக்கும். ஒரு மாணவி எண்ணி முடித்து, ‘ரிசல்ட்: 84 காலனிகள்’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“எதுல 84?”

“பிளேட்ல, மேடம்.”

“சரி, தயிர்ல எவ்வளவு இருக்கு?”

பதில் இல்லை. பக்கத்தில் இருப்பவளோடு தமிழிலேயே பேசிப் பார்க்கச் சொன்னேன். 0.1 மில்லியில் 84 என்றால் ஒரு மில்லியில் 840. அது லட்சம் மடங்கு நீர்த்தது. அப்படியானால் 840 லட்சம். “எட்டுக் கோடியே நாற்பது லட்சம், மேடம்!” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். பத்தின் அடுக்காக எழுதியபோது விளங்காத அளவு, லட்சம் கோடியில் சொன்னதும் விளங்கிவிட்டது. அடுக்குக் குறியீட்டை அதன் பிறகு கற்றுக்கொடுத்தால் போதும்.

அதோடு விடக்கூடாது. ‘இந்தத் தயிரின் ஒரு மில்லியில், காலனி உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 8.4 கோடி உள்ளன’ என்று வாக்கியமாக எழுத வேண்டும். ‘காலனி உண்டாக்கக்கூடிய’ என்று ஏன் போட வேண்டும்? செத்த செல் வளராது. ஒட்டிக்கொண்டிருக்கும் நாலைந்து செல்கள் ஒரே காலனியாகத்தான் வரும். ‘ஏறத்தாழ’ எதற்கு? எண்ணியது ஒரே ஒரு பிளேட். 30க்குக் கீழும் 300க்கு மேலும் காலனி உள்ள பிளேட்டை ஏன் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற கேள்வியும் இங்கேயே வந்துவிடும். இதே வாக்கியத்தைப் பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்ல விஷயம் இருப்பதால் இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும் எழுதிவிடுகிறார்கள்.

மரபியல் வகுப்பிலும் இதே கதைதான். மெண்டல் என்றால் 3:1 என்று எல்லோரும் சொல்வார்கள். பட்டாணியில் மெண்டல் எண்ணியதோ 5,474 உருண்டை விதைகள், 1,850 சுருங்கிய விதைகள். வகுத்தால் 2.96. “மூணு வரலையே, அப்புறம் எப்படி 3:1?” என்று கேட்டால் வகுப்பு திருதிருவென்று விழிக்கிறது. மொத்தம் 7,324 விதைகளில் 3:1 என்றால் 5,493க்கு 1,831 வர வேண்டும். வித்தியாசம் 19. இந்த 19 தற்செயலா, அல்லது விகிதமே தப்பா? கை-ஸ்கொயர் சோதனை இந்தக் கேள்விக்குத்தான். போட்டுப் பார்த்தால் 0.26 வருகிறது. வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலில் 3.84ஐத் தாண்டினால்தான் 3:1ஐச் சந்தேகிக்க வேண்டும். மெண்டலின் கட்டுரை வந்தது 1866இல்; கார்ல் பியர்சன் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது 1900இல். பட்டாணியை ஒரு செமஸ்டரிலும் கை-ஸ்கொயரை வேறொரு செமஸ்டரிலும் வைத்தால் இரண்டுக்கும் உள்ள உறவு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கடைசி வருட புராஜெக்ட். துளசி, வேம்பு, நொச்சி என்று ஏதாவது ஒரு இலையை எத்தனாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் காகித வில்லையை நனைத்து, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பரப்பிய பிளேட்டில் வைப்பார்கள். சுற்றிலும் 9 மி.மீ. அளவுக்குத் தெளிந்த வட்டம். முடிவுரையில், ‘ஆகவே இந்த இலை வயிற்றுப்போக்கைக் குணப்படுத்தும்.’ வில்லையே 6 மி.மீ. இருக்கிறது, ஒரு பக்கத்துக்குக் கிருமி விலகியது ஒன்றரை மி.மீ.தான். வெறும் எத்தனாலில் நனைத்த வில்லை ஒன்றை வைத்தார்களா? எத்தனை பிளேட்டின் சராசரி இது? பிளேட்டில் விலகிய கிருமி குடலிலும் விலகும் என்று யார் சொன்னது? வரைபடத்தில் திட்டப்பிழையை (சராசரி எவ்வளவு தள்ளாடலாம் என்பதை) போட்டால் கோடு சின்னதாகத் தெரிகிறது என்பதற்காகவே, அளவீடுகளின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு. ஒன்பது அளவீடு இருந்தால் திட்டப்பிழை, திட்ட விலக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்தப் பிள்ளைகள்தான் நாளை ஆஸ்பத்திரி லேபிலும் மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டிலும் உட்காரப்போகிறார்கள். மைக்ரோலிட்டரும் மில்லிலிட்டரும் அங்கே மாறிப்போனால் ஆயிரம் மடங்கு தப்பாகிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைச் செய்தி நிஜமா என்று வீட்டில் இவர்களைத்தான் கேட்பார்கள்.

செலவில்லாத ஒரு பயிற்சி எனக்கு நன்றாகப் பலன் தந்திருக்கிறது. ஒரு ஜோடி தாங்கள் செய்த செய்முறையை எழுதி வைக்கும். அடுத்த ஜோடி அதை மட்டும் படித்து, வாய்திறந்து எதுவும் கேட்காமல் அதே சோதனையைச் செய்ய வேண்டும். ‘சிறிது எடுத்துச் சேர்த்து நன்கு கலக்கவும்’ என்று எழுதிய மாணவன், பிப்பெட்டைக் கையில் பிடித்தபடி நண்பன் திகைத்து நிற்பதைப் பார்த்ததும் தானே நோட்டை வாங்கி ‘1 மில்லி’ என்று திருத்தினான். அறுபது பேர் உள்ள வகுப்பில் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முடியாதுதான். முறை வைத்து, ஒரு பிராக்டிகலுக்கு இரண்டு மேஜை என்று எடுத்துக்கொண்டால் செமஸ்டருக்குள் அனைவரும் வந்துவிடுவார்கள்.

மதிப்பெண்ணும் மாற வேண்டும். ரெக்கார்டில் கையெழுத்துக்கும் படத்துக்கும் தரும் மார்க்கில் ஒரு பங்கை, அலகோடு எழுதிய விடைக்கும் அதை விளக்கும் இரண்டு வரிக்கும் தரலாம். பிராக்டிகல் பரீட்சையில் ‘கொடுக்கப்பட்ட மாதிரியை நீர்த்து எண்ணுக’ என்பதோடு இன்னொரு கேள்வி சேருங்கள்: ‘இந்த எண்ணிக்கை குடிநீர்த் தொட்டி ஒன்றின் மாதிரியில் கிடைத்தது. ஊராட்சித் தலைவருக்குப் புரியும்படி நான்கு வரியில் எழுதுக. இந்தச் சோதனையால் சொல்ல முடியாதது எது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க.’