இலக்கு மங்கல்தான், சரி, பக்கத்து நட்சத்திரம்?

இன்னொரு விண்ணப்பமும் பாதுகாப்புச் சோதனையில் விழுந்துவிட்டது. இந்தியாவின் விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியான யுவிட்டில் மங்கலான ஒரு கேலக்ஸியைப் படமெடுக்கக் கேட்டிருந்தார்கள். 12 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்குதான் ஆர்க்மினிட்) தள்ளி 9 மேக்னிட்யூடில், அதாவது பிரகாச அளவில், ஒரு பி வகை நட்சத்திரம்: மிகச் சூடான நீல வகை. "நாங்கள் அதைக் கேட்கவே இல்லையே சார்!"

கேட்காவிட்டாலும் வரும். யுவிட்டின் பார்வைப் புலம் 28 ஆர்க்மினிட் விட்டம், கிட்டத்தட்ட முழுநிலா அகலம். அதற்குள் நிற்பதெல்லாம் டிடெக்டரில் விழும்; பிரகாசம் அதிகமானால் டிடெக்டருக்கே ஆபத்து.

"வெறுங்கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம், என்ன செய்துவிடும்?" என்ற வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நீங்கள் பார்க்கும் மேக்னிட்யூட் கண்ணுறு ஒளியில் அளந்தது. சூரியனைப் போன்ற 9 மேக்னிட்யூட் நட்சத்திரம் யுவிட் பார்க்கும் 130 முதல் 180 நானோமீட்டர் புற ஊதாவில் இருந்தும் இல்லாத மாதிரிதான். 20,000 கெல்வின் பி வகையோ அங்கே ஒளியைக் கொட்டுகிறது. பட்டியலில் ஒரே எண், டிடெக்டரில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். சூடான வெள்ளைக் குள்ளன்களையும் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் மிச்சம்) இதே கண்ணோடு பாருங்கள்.

இதைவிட மோசமான வாதம் ஒன்று உண்டு: "கேலெக்ஸ் படத்தில் அந்த இடம் காலி, அதனால் பயமில்லை." ஐயா, நாசாவின் பழைய புற ஊதா விண்வெளித் தொலைநோக்கியான கேலெக்ஸும் தன் டிடெக்டரைக் காப்பாற்றப் பிரகாசமான நட்சத்திரங்களை ஒதுக்கித்தான் வானத்தைப் படமெடுத்தது. அந்த ஓட்டையைப் பார்த்தால் சந்தேகம்தான் வரவேண்டும்.

வரம்பு மீறினால் கருவி தானே மின்னழுத்தத்தை அணைத்துக்கொள்ளும்; உங்கள் நேரம் போச்சு. அதையே நம்பி 650 கிலோமீட்டர் உயரத்தில் சோதனை செய்து பார்க்க முடியாது. வரம்புக்குள் இருந்தாலும் கவனம் வேண்டும்: முழுப் புலத்தில் நொடிக்குச் சுமார் 29 ஃபிரேம்தான். ஒரே ஃபிரேமில், ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் ஒன்றாகத்தான் எண்ணப்படும். திருத்தம் செய்யாமல் பிரகாசத்தை எழுதாதீர்கள்.

அப்புறம், பழைய விண்ணப்பத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். யுவிட்டின் அண்மைப் புற ஊதா சேனல் 2018-லேயே நின்றுவிட்டது. கண்ணுறு ஒளிச் சேனல் முக்கியமாகத் தொலைநோக்கியின் நகர்வைக் கண்காணிக்கத்தான்.

தயவுசெய்து, அறிவியல் காரணம் எழுத உட்காரும் முன்பே பிரகாச நட்சத்திரச் சோதனையை ஓட்டிவிடுங்கள். கேலக்ஸி நட்டநடுவில் இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இவர்கள் மையத்தை எதிர்ப்பக்கம் 10 ஆர்க்மினிட் நகர்த்தியிருந்தால் நட்சத்திரம் மையத்திலிருந்து 22 ஆர்க்மினிட்டுக்கு, புலத்துக்கு வெளியே போயிருக்கும், கேலக்ஸி புலத்துக்குள்ளேயே இருந்திருக்கும்.