தொட்டியைவிட்டுத் தப்பிய பாம்பு எங்கே ஒளியும்?

தப்பித்துப் போன வளர்ப்புப் பாம்பு பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். காலித் தொட்டியைப் பார்த்ததும் வளர்த்தவர் லிஃப்ட், படிக்கட்டு, கார் நிறுத்துமிடம் என்று ஓடி அலைவார். பாம்பு அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்திருக்கும். சில நேரம் வாரக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, ஒரு ராத்திரி தானாகவே கூடத்துக்கு ஊர்ந்து வரும். எங்கே ஒளிய வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும் என்பதை அதன் உடம்புதான் முடிவு செய்கிறது. அந்த உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம், பயமும் பாதி குறைந்துவிடும்.

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் பாம்பு வளர்ப்பவர்கள் அதிகம் விரும்புவது இரண்டு வகைகளை. ஒன்று, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் மறைத்துக்கொள்ளும் பந்து மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, நன்றாக வளர்ந்தாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இன்னொன்று, அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்த கார்ன் ஸ்னேக். ஒல்லியானது, சுறுசுறுப்பானது, மூடியைத் திறப்பதில் கெட்டிக்காரப் பாம்பு. இரண்டுக்கும் விஷம் கிடையாது. இரண்டும் பெரும்பாலும் இருட்டிய பிறகே நடமாடும்.

எப்படித்தான் தப்பிக்கிறது? நமக்கு விலா எலும்புகளை முன்பக்கம் சேர்த்துப் பிடிக்க நெஞ்செலும்பு இருக்கிறது. பாம்புக்கு அது இல்லை. ஒவ்வொரு விலா எலும்பின் நுனியும் தசைக்குள் சும்மா முடிந்துவிடுகிறது. அதனால் உடம்பை அது தட்டையாக்கலாம், ஒடுக்கலாம், ஓரளவு விரிக்கவும் செய்யலாம். அடக்க முடியாத ஒரே கெட்டியான பகுதி மண்டை ஓடு. ஆகவே தலை நுழைகிற இடைவெளியில், வயிறு நிறைய இரை இல்லாவிட்டால், மீதி உடம்பும் நுழைந்துவிடும். ராத்திரி முழுக்கத் தொட்டியின் விளிம்பு விளிம்பாக மூக்கால் முட்டிப் பார்க்கும். ஒரு மூலையில் மூடி விரல் பருமன் தூக்கிக்கொண்டால் அதற்கு அதுவே போதும்.

வெளியே வந்ததும் அது தேடுவது இளஞ்சூடு. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. தின்ற எலி செரிக்க வேண்டுமா, தசை வேகமாக இயங்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து சூடு வேண்டும். பந்து மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் தொட்டியின் ஒரு பக்கத்தை 31, 32 டிகிரி செல்சியஸிலும், மறுபக்கத்தை 26 டிகிரி அளவிலும் வைப்பார்கள். பாம்பு இரண்டுக்கும் இடையே போய் வந்து தனக்கு வேண்டிய சூட்டைச் சரிசெய்துகொள்ளும். குளிர்நாடுகளில் தொலைந்த பாம்பு குளிரில் விறைத்துச் செத்துப்போகலாம். கோலாலம்பூரில் பகல் 32, 33 டிகிரி, இரவு 24 டிகிரி என்பது அதற்குத் தாராளம். சாப்பாடும் அவசரமில்லை. ஆரோக்கியமான பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதனால் இந்த ஊரில் தொலைந்த பாம்பு உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு மிக நல்லது. இரண்டு வாரம் ஆயிற்றே, செத்திருக்கும் என்று யாரும் தேடுவதை விட்டுவிட வேண்டாம்.

ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால் கதை கொஞ்சம் மாறும். 20 டிகிரிக் குளிரில் அது மந்தமாகிவிடும், சூடு இருக்கும் பக்கம் மெல்ல நகரும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். தரையோடு ஒட்டிக் கறுப்பாக ஒரு உருண்டை இருக்கும், அதுதான் கம்ப்ரஸர். அதைச் சுற்றித் தூசி, இரண்டு செம்புக் குழாய், ஒரு கை மட்டும் நுழைகிற இருட்டு. கையை அருகே கொண்டுபோனால் இளஞ்சூடு தெரியும். பாம்புக்கு இதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை. அடுத்தபடியாக வைஃபை மோடம் வைத்திருக்கும் அலமாரி, டிவியின் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்தின் அடி. இயந்திரம் எதையும் வேகமாக இழுத்து நகர்த்தாதீர்கள், பாம்பு நசுங்கிவிடும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். துவைக்கும் இயந்திரத்தையும் உள்ளே பார்க்காமல் ஓட விடாதீர்கள்.

சூட்டுக்கு அடுத்து அது விரும்புவது நெருக்கம். திறந்த தரையில் கிடக்கும் பாம்பு பருந்துக்கும் கழுகுக்கும் இரை. முதுகிலும் விலாவிலும் ஏதாவது உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஆகவே அறைக்கு நடுவே அது போகாது, சுவரோரமாகவே ஊரும். செருப்பு அலமாரி, சோபாவின் கிழிந்த அடித்துணி, புத்தக வரிசைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அங்குல இடம் எல்லாம் அதன் வழியில் வருபவை. இரவில் ஒவ்வொரு அறை வாசலிலும் கோதுமை மாவை மெல்லிய பட்டையாகத் தூவிவிட்டுத் தூங்குங்கள். காலையில் மாவில் இழுத்த தடம் எந்த வாசலில் இருக்கிறதோ, தேட வேண்டிய அறை எது என்று தெரிந்துவிடும். கதவிடுக்குகளைத் துண்டால் அடைத்து அறை அறையாகப் பிரித்துத் தேடினால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். நள்ளிரவுக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு சுவரோரம் பார்ப்பது, பகல் முழுக்கச் சாமான்களைக் கலைத்துப் போடுவதைவிடப் பலன் தரும்.

சரி, இதெல்லாம் பாம்பின் சொந்தக்காரருக்கு. மேல்மாடிப் பையனின் பாம்பு உங்கள் குளியலறைக்கு வந்துவிட்டால்? "ஆன்ட்டி, அது என்னோடதுதான், கடிக்காது" என்று சொல்ல அவன் அங்கே இருக்க மாட்டான். வந்திருப்பது வளர்ப்புப் பாம்பா, லோங்காங்கிலிருந்து (சாக்கடையிலிருந்து) ஏறி வந்த காட்டுப் பாம்பா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு ஆபத்தான தவறு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முக்கோணத் தலையும் பூனைக்கண்போல் செங்குத்துக் கண்மணியும் இருந்தால் விஷப்பாம்பு, வட்டக் கண்மணி என்றால் சாது என்று அந்தப் படம் சொல்கிறது. வட அமெரிக்காவில் விஷப்பாம்புகளில் பெரும்பாலானவை குழிவிரியன்கள் என்பதால் அங்கே அது ஓரளவுக்கு ஒத்துப்போகலாம். மலேசியாவில் இந்த விதியை நம்பினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊர் நல்லபாம்பு, ராஜநாகம், கட்டுவிரியன் மூன்றுக்கும் கண்மணி வட்டம்தான், தலையும் முக்கோணமல்ல. மூன்றும் கடித்தால் உயிர் போகலாம். எந்த விஷமும் இல்லாத பந்து மலைப்பாம்புக்கோ அகன்ற முக்கோணத் தலை, செங்குத்துக் கண்மணி. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளைகளில் சுற்றிக் கிடக்கும் பச்சைக் குழிவிரியன் போன்றவற்றுக்கு மட்டும் அந்த விதி பொருந்தும். அந்தப் படம் உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வேறு தடயங்கள் உண்டு. நிறம் ஒன்று. கறுப்பு நிறமியான மெலனினைச் செய்ய முடியாத பாம்புகள் வெள்ளையும் மஞ்சளுமாக, கண் சிவந்து பிறக்கும். காட்டில் அப்படிப் பிறந்தது சீக்கிரம் கண்ணில் பட்டுக் கொத்தப்பட்டுவிடும். வளர்ப்பவர்களோ அதையே தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறார்கள். இன்று பந்து மலைப்பாம்பில் எண்ணற்ற நிறவகைகள் இருக்கின்றன. பத்தாவது மாடியில் வெண்மஞ்சள் பாம்பு கிடந்தால் அது யாரோ ஒருவருடையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இடமும் ஒரு தடயம். கழிவறைக் கிண்ணத்திலிருந்து தலை நீட்டுவது பெரும்பாலும் நம் ஊர் மலைப்பாம்புதான். எலியைத் துரத்திக்கொண்டு சாக்கடைக் குழாயில் ஏறி வந்திருக்கும். உடம்பு முழுக்க வலை பின்னியதுபோல் கோலம் இருக்கும். உலகிலேயே நீளமான பாம்பு இனம் இதுதான். 2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில் மேம்பாலக் கட்டுமானத் தளத்தில் பிடிபட்ட ஒன்று 8 மீட்டர் இருக்கும் என்று செய்திகள் வந்தன. பிடித்த சில நாட்களில் அது இறந்துபோனது.

பென்சில் பருமனில் பழுப்புப் பாம்பு, கழுத்தில் வெளிறிய பட்டை, சுவரில் பல்லியைத் துரத்துகிறது என்றால் அது ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம். அதற்கு விஷமில்லை. ஆனால் கட்டுவிரியன் குட்டியோடு அதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இந்தத் தடயங்கள் எல்லாம் சந்தேகத்தைக் குறைக்கும், முற்றிலும் போக்காது. அடையாளம் உறுதியாகத் தெரியாத பாம்பை விஷப்பாம்பாகவே நினைத்து விலகி நில்லுங்கள்.

உங்களைப் பற்றி அந்தப் பாம்புக்கு என்ன தெரியும்? அதற்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. செவிடு என்று நெடுநாள் நினைத்தார்கள். 2012-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் இதே பந்து மலைப்பாம்புகளை வைத்துச் சோதித்தார்கள். காற்றில் வரும் ஒலி மண்டை ஓட்டை அதிரவைக்கிறது, அந்த அதிர்வு உட்காதுக்குப் போகிறது என்று கண்டார்கள். 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிதான் அதற்கு நன்றாகக் கேட்கும். நாம் கிறீச்சிடும் சுருதி அதன் எல்லைக்கு மேலே போய்விடுகிறது. தரையில் தடதடவென்று ஓடுவதும் துடைப்பத்தால் அடிப்பதும் தாடை வழியே நேராக அதற்கு எட்டும், மிரட்டும்.

நாக்கு வேறு வேலை செய்கிறது. காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகளை அது வாய்க்குள் கொண்டுபோய் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொடுக்கிறது. பிளவுபட்ட இரண்டு நுனியும் இரண்டு இடத்தைத் தொடுவதால் எந்தப் பக்கம் வாசனை அதிகம் என்று அதற்குத் தெரிகிறது. 1994-ல் கர்ட் ஷ்வெங்க் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இதை விளக்கினார். ஆகவே நாக்கை நீட்டும் பாம்பு உங்களைக் கொத்தத் தயாராகவில்லை, அறையை மோந்து பார்க்கிறது.

மலைப்பாம்பின் மேலுதட்டைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கருகில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். 2010-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், டிஆர்பிஏ1 என்ற புரதம்தான் அங்கே சூட்டை நரம்புச் செய்தியாக மாற்றுகிறது என்று காட்டியது. சூட்டை உடம்பு எப்படி உணர்கிறது என்ற தேடலுக்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருட்டில் நீங்கள் அசையாமல் நின்றாலும் உங்கள் உடம்புச் சூட்டை அதனால் உணர முடியும். பெரிய சூடான உருவம் என்றால் அதற்கு இரை இல்லை, எதிரி. அதனால்தான் பந்து மலைப்பாம்பு சுருண்டு கொள்கிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பின்னால் நகருங்கள், குழந்தைகளையும் பூனை நாயையும் வெளியே அனுப்புங்கள், அறைக் கதவைச் சாத்தி அடியிடுக்கில் துண்டைத் திணியுங்கள். தள்ளி நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு 999-ஐ அழையுங்கள். பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) அல்லது பொதுத் தற்காப்புப் படை வரும், பாம்பு பிடிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அது வரைக்கும் பாம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் தூரத்தில் இருந்தால் போதும். உப்பு, கந்தகம், பூண்டு தூவும் வேலை வேண்டாம். கந்தகத்தையும் அந்துருண்டையையும் சோதித்தவர்கள் பாம்பு அவற்றைக் கண்டு ஒதுங்கவில்லை என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் கடி விழுவது அடிக்கப் போகும்போதுதான். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றும் வீடுகளிலாவது கம்பைக் கீழே வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படமெடுத்து நிற்கும் பாம்பு என்றால் இன்னும் அதிகம் விலகுங்கள். நம் ஊர் கறுப்பு நாகம் கண்ணைக் குறிவைத்து இரண்டு மீட்டர் தூரத்துக்கு விஷத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். எடுத்த படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பந்து மலைப்பாம்புதான் என்பது உறுதி, அதுதான் கடித்தது என்றால் சோப்புப் போட்டுக் கழுவிக் காயத்தைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். பற்கள் பின்பக்கம் வளைந்தவை, அதனால் கடித்துப் பிடித்திருக்கும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் தோல்தான் கிழியும். பொறுமையாக இருந்தால் அதுவே விட்டுவிடும். பாம்பைத் தொட்ட பிறகு கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம், ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருப்பது சகஜம்.

சொந்தக்காரர் கிடைக்காவிட்டால் பாம்பு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் போக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-ன் கீழ் பல பாம்பு இனங்களை வளர்க்க உரிமம் தேவை. நல்லெண்ணத்தில் அதைப் பினாங்கு மலையிலோ புக்கிட் கியாராவிலோ விட்டுவிட வேண்டாம். ஆசியாவிலிருந்து வளர்ப்புக்காகப் போன பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலத்தில் பெருகி, அங்கே முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகளைப் பெருமளவு தின்று தீர்த்துவிட்டன. அவற்றோடு போன ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று இப்போது அங்குள்ள நாட்டுப் பாம்புகளின் நுரையீரலில் வளர்கிறது. ஆப்பிரிக்கப் பாம்பு எந்த ஒட்டுண்ணியைச் சுமந்து வந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பொம்பாவிடம் கொடுக்கும்போதே, இது வளர்ப்புப் பாம்பாக இருக்கலாம், காட்டில் விட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.